ஈஸ்ட்வார்ட்: நாலு வருஷம் விளையாடிய பிறகு

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். வருஷம் முழுக்க மணலைப் பார்த்தே பழகிய வேலூர்க்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்த வாரம் அது. வெளியே போக வழியில்லை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, சத்துவாச்சாரி வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து தள்ளுபடியில் வாங்கிய ஈஸ்ட்வார்ட் என்ற வீடியோ கேமைத் திறந்தேன். இன்று வரை அதை லேப்டாப்பிலிருந்து அழிக்கவில்லை. முழுக்க இரண்டு தடவை முடித்தாயிற்று, மூணாவது ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்தபோது வந்த விமர்சனங்கள் எல்லாம் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு எழுதியவை. இந்த கேமை அந்த வேகத்தில் விளையாடினால் பாதிதான் கிடைக்கும் என்பது என் எண்ணம், அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஷாங்காயில் இருக்கும் பிக்ஸ்பில் என்ற சின்ன ஸ்டுடியோ செய்தது, சக்கிள்ஃபிஷ் வெளியிட்டது, 2021 செப்டம்பர் 16 அன்று கணினிக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கும் வந்தது. 90களின் ஜப்பானிய அனிமேஷனைப் பார்த்து வளர்ந்தவர்கள் செய்தது என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். கதை பூமிக்கு அடியில் இருக்கும் பாட்கிராக் தீவு என்ற ஊரில் ஆரம்பிக்கிறது. ஜான் அங்கே சுரங்கம் தோண்டுகிறவன், தாடி வைத்த ஆள், வாயே திறப்பதில்லை. அவன் கண்டெடுத்து வளர்க்கும் வெள்ளை முடிச் சிறுமி சாம். மேலே ஓர் உலகம் இருக்கிறது என்று அவள் சொல்கிறாள், அப்படிச் சொல்வதே அந்த ஊரில் குற்றம். அங்கிருந்து துரத்தப்பட்டு மேலே வந்து, ரயிலேறி ஊர் ஊராகக் கிழக்கே போகிறார்கள். பின்னாலேயே மியாஸ்மா என்ற கருப்புப் புகை ஊர்களை விழுங்கிக்கொண்டு வருகிறது.

ஜானின் முக்கிய ஆயுதம் கைப்பிடி வைத்த தோசைக்கல். முதல் தடவை விளையாடும்போது அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "இன்னாடா இது, தோச கல்லால அட்ச்சிக்னு கீறான்" என்றவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள், காபி ஆறிப்போனது. அந்த ஊரில் காசும் கிடையாது, உப்புதான் பணம். கடையில் கத்திரிக்காய் வாங்கவும் ஆயுதத்தைச் செப்பம் செய்யவும் உப்பைத்தான் கொடுக்க வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். பிக்சல் ஆர்ட் என்றதும் பழைய எட்டு பிட் கேம் போல தட்டையாக இருக்கும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். இதற்காகவே இவர்கள் சொந்தமாக ஒரு எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருள், செய்திருக்கிறார்கள், கட்டம் கட்டமாக வரைந்த படத்தின் மேல் முப்பரிமாண கேமில் வருவது போல உண்மையான வெளிச்சம் விழும். ஜானின் வீட்டுக்குள் ஒருமுறை நடக்காமல் அப்படியே நின்று பாருங்கள். விளக்கின் மஞ்சள் சுவரில் எதுவரை போகிறது, எங்கே தேய்ந்து இருட்டாகிறது, அடுக்கி வைத்த சாமான்களின் ஓரத்தில் எப்படி ஒரு கோடாக ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்கலாம். தீவில் எல்லாமே பழுப்பும் துருவும்தான். மேலே வந்து கிரீன்பெர்க் என்ற ஊரைத் தொட்டதும் கண் முழுக்கப் பச்சை. நமக்கு மே மாதம் முழுக்க மொட்டைப் பாறை மலையையே பார்த்துவிட்டு ஒரு மழைக்குப் பிறகு ஏலகிரி ஏறினால் எப்படி இருக்குமோ அப்படி. சாம் அங்கே ஓடுகிற ஓட்டத்துக்காகவே முதல் சில மணி நேர இருட்டைத் தாங்கலாம்.

சண்டை சுமார். சாமின் கையிலிருந்து வரும் குமிழ் எதிரியை அசையவிடாமல் நிறுத்தும், அந்த இடைவெளியில் ஜான் போய்க் கல்லால் அடிப்பான். கொஞ்சம் போனதும் வெடிகுண்டு, தீ உமிழும் கருவி எல்லாம் வருகின்றன. இரண்டு பேரையும் பிரித்து ஆளுக்கொரு வழியாக அனுப்பும் புதிர்கள் நன்றாக இருக்கும், ஆனால் கடினம் இல்லை. சவால் வேண்டும் என்பவர்கள் வேறு கேம் பார்க்கலாம்.

சமையல்தான் என்னைப் பிடித்து வைத்தது. அடுப்பு கண்ணில் பட்டால் நின்று, பையில் இருக்கும் காய், கறி, மாவு எதையாவது போட்டால், சூதாட்ட மெஷின் போல உருளைகள் சுற்றும். சரியான நேரத்தில் நிறுத்தினால் சாப்பாட்டுக்குக் கூடுதல் பலம். அப்போது ஒலிக்கும் இசை, சட்டியைக் குலுக்கும் ஜான், தட்டில் வந்து விழும் சாப்பாட்டின் படம், இதெல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனால் அதைத் தாண்டி ஓட எனக்கு ஒரு தடவையும் மனசு வந்ததில்லை. இசை ஜோயல் கோரெலிட்ஸ். அந்தப் பழைய சிந்தசைசர் சத்தம் இப்போதும் வண்டி ஓட்டும்போது வாயில் வருகிறது. சேவ் செய்ய ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும், அதுவும் நினைவுகளைக் கெடாமல் வைப்பது பற்றி இரண்டு வார்த்தை தத்துவம் பேசும். கரண்ட் போகும் ஊரில் பேட்டரி செத்த லேப்டாப்போடு விளையாடியவன் சொல்கிறேன், ஃப்ரிட்ஜைப் பார்த்தால் விடாதீர்கள்.

குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை நியூ டேம் சிட்டி என்ற பெரிய ஊருக்கு வந்த பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. இவரிடம் போய்ச் சொல், அவரிடமிருந்து வாங்கி வா, திரும்ப முதல் ஆளிடம் வா என்று அலையவிடுகிறார்கள், பேச்சோ மூச்சுவிடாமல் வந்துகொண்டே இருக்கிறது. பின்பாதியில் கதை பெரிதாகப் பெரிதாக, எழுப்பிய கேள்விகளில் பலவற்றுக்குப் பதில் சொல்லாமலே முடிக்கிறார்கள். முடிவைப் பார்த்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேல் கூடவே வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். அந்தக் கருத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் 2023 மே மாதம் வேறு மாதிரி ஆனது. பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது, முழு ஆண்டு லீவு, அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலில் பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை குழந்தையை வெளியே விட முடியாது. லேப்டாப்பும் கொதிக்கும், அடியில் இரண்டு புத்தகம் முட்டுக்கொடுத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால்தான் திணறாமல் ஓடும். அப்படி ஒரு மத்தியானம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். கேமில் தமிழ் கிடையாது, ஆங்கிலம் அவளுக்கு அந்த வேகத்துக்கு வராது, எனவே ஒவ்வொரு வசனத்தையும் நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சாம் எங்கள் தெருப் பெண் போலவே பேச ஆரம்பித்தாள். ஊர்த் தலைவருக்கு என் மாமா ஒருவரின் குரல். கிழக்கே போகிறார்கள் என்றதும் "கிழக்கன்னா மெட்ராஸாப்பா?" என்று கேட்டாள். காட்பாடியில் ரயிலேறினால் கிழக்கே அதுதானே, ஆமாம் என்றேன்.

மூணாம் நாளோ நாலாம் நாளோ, சாம் ஏதோ கேட்கிறாள், வழக்கம்போல் ஜான் சும்மா நிற்கிறான், நான் அடுத்த வசனத்துக்குப் போவதற்குள் பாப்பா கனமான குரலில் "சாப்ட்டு தூங்கு, காலைல பேசிக்கலாம்" என்றாள். அது நான் அவளிடம் தினமும் சொல்வது. அதற்கப்புறம் ஜான் பேச வேண்டிய இடமெல்லாம் அவள் பேச்சுதான். கதாநாயகனை ஊமையாக வைப்பது பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி.களின், அதாவது ஒரு கதாபாத்திரமாகவே மாறிக் கதைக்குள் போகும் கேம்களின் வழக்கம், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மௌனத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. முதல் தடவை என் பொறுமையைச் சோதித்த அதே அலைச்சல் இந்தத் தடவை ஒரு நாளைக்கு ஒரு வேலை, இரண்டு வேலை என்று வந்தது, அப்படி வந்தபோது அது ஒரு ஊரைத் தெரிந்துகொள்வது போலவே இருந்தது. வேகமாக முடிக்கிறவர்களுக்கு இழுவையாகத் தெரிவது இதுதான்.

கேமுக்குள் எர்த் பார்ன் என்று இன்னொரு கேம் இருப்பதையும் விடக் கூடாது. ஊர்க் குழந்தைகள் எல்லாம் அதன் பைத்தியம். பழைய எட்டு பிட் ஆர்.பி.ஜி. மாதிரியே செய்தது, அரக்கர் அரசனை நாள் கெடுவுக்குள் வீழ்த்த வேண்டும், மெஷினில் உருண்டு விழும் சின்னப் பொம்மைகள் அதற்கு உதவும். தெருமுனைக் கடையில் அரை மணிக்கு அஞ்சு ரூபாய் கொடுத்து, பின்னால் நாலு பேர் யோசனை சொல்ல, கேசட்டை ஊதி ஊதிப் போட்டு விளையாடிய என் வயதுக்காரர்கள் இதிலேயே ஒரு வாரம் போய்விடுவார்கள்.

2024 ஜனவரி 31 அன்று ஆக்டோபியா என்ற கூடுதல் பகுதி வந்தது. அதே ஆட்கள், ஆனால் வேறொரு உலகம், புகையும் இல்லை துரத்தலும் இல்லை, விவசாயம் செய்து, சமைத்து, பாழான ஊரைத் திரும்ப எழுப்புகிறார்கள். அம்மாவுக்கு இதுதான் பிடித்தது, எதை விதைத்தோம் எதைப் பறித்தோம் என்று கணக்குக் கேட்பார்கள். எனக்கு இரண்டு வாரத்தில் சலித்தது. முதலில் மூலக் கதையை முடியுங்கள், இல்லாவிட்டால் இந்த நிம்மதிக்கு அர்த்தமே வராது.

வாங்கலாமா என்று கேட்டால், ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும், தினம் ஒரு மணி நேரம் போதும் என்பவர்கள் கண்டிப்பாக வாங்கலாம். கீபோர்டைவிட கண்ட்ரோலர் நல்லது. சாதாரண லேப்டாப் போதும், என்னுடையதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

இப்போது கண்ட்ரோலர் பாப்பா கையில் இருக்கிறது, ஆங்கிலத்தை அவளே படிக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்கிறேன். கிரீன்பெர்க்கில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள் வரை வந்து ஃப்ரிட்ஜில் சேவ் செய்து வைத்திருக்கிறாள். ரெண்டு மாசமாக அந்த சேவைத் திறப்பது, அடுப்பில் ஏதாவது சமைப்பது, ஊரை ஒரு சுற்று சுற்றி எல்லாரிடமும் பேசுவது, மூடி வைப்பது. மேலே போகலாமா என்று நேற்றும் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்பா" என்றாள்.