ஐ.பி. கொடுத்த கடையில் தாத்தாவின் ரேடியோ

மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்து இருந்தது ஒரு மாதம். அதில் பாதியை ஒரு ரேடியோ தின்றுவிட்டது. சுவாமிமலை, திருநாகேஸ்வரம், டிகிரி காபி பற்றியெல்லாம் வேறு யாராவது எழுதுவார்கள். நான் ரேடியோவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தாத்தாவின் மர்பி செட் அது. தேக்குப் பெட்டி, ஆர்மோனியக் கட்டைகள் போல் வெள்ளைப் பொத்தான்கள். திருகினால் அரை நிமிடம் வாய் திறக்காது. வால்வு சூடேறி, முகப்பில் பச்சைக் கண் விழித்த பிறகுதான் பேசும். தாத்தா ஆடுதுறைப் பக்கத்து விவசாயி. அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் டெல்டா வயல்களில் இறங்கியதும், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்கள் வீட்டில் அந்தச் சேதியைச் சொன்னது இந்தப் பெட்டி.

இரண்டு வருடம் முன்பு வந்தபோது வெறும் கரகரப்பு. கும்பகோணத்தில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்குக் கடைக்காரர் தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் 'ரேடியோ 1, அட்வான்ஸ் 500' என்று எழுதி நீட்டினார். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. நானும் அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து மெல்போர்ன் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன்.

இந்த முறை போனால் ஷட்டரில் பூட்டு, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை, பக்கத்தில் ஒரு நோட்டீஸ். எதிர்த்த டீக்கடைக்காரர், "அவர் ஐ.பி. கொடுத்துவிட்டார் அம்மா" என்றார். இன்சால்வன்சி பெட்டிஷன், அதாவது கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு. சின்ன வயதில் 'மஞ்சள் கடுதாசி' என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது, அது யாரோ ஜவுளிக்கடைக்காரருக்கு நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி திவாலானால் அதை யார் கலைக்கிறார் என்று அரசு இணையதளத்தில் பெயர் வந்துவிடும். மின்னஞ்சல் போடலாம். பதில் வராமல் போகலாம், ஆனால் யாரிடமிருந்து வரவில்லை என்றாவது தெரியும். இங்கே அதைக் கண்டுபிடிக்கவே நான்கு நாட்கள். (உண்மையையும் சொல்ல வேண்டும்: வால்வு ரேடியோவைத் தொட்டுப் பார்க்க மெல்போர்னில் எனக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை. அங்கே பழுதானதை வீதியோரம் வைத்துவிடுகிறார்கள்.)

கடைசியில் சித்தப்பாவின் ஸ்கூட்டரில் ரிசீவர், அதாவது திவாலானவரின் சொத்தைக் கோர்ட் சார்பில் பொறுப்பேற்பவர், அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "பாப்பா, நீ வாயைத் திறக்காதே. உன் பேச்சைக் கேட்டால் இன்னும் பத்துக் காகிதம் கேட்பார்கள்."

நான் திறக்கவில்லை. ஆனாலும் கேட்டார்கள். குமாஸ்தா காலண்டர் தாளை வாங்கினார், திருப்பினார், முன்பக்கத்தில் என் ராசிக்கு அன்று என்ன பலன் என்று படித்தார். அலைச்சலாம். "கடைக்குள் இருப்பதெல்லாம் இப்போது ரிசீவர் பொறுப்பு. இது உங்கள் ரேடியோ என்பதற்கு ஆதாரம்?"

சித்தப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் நடைமுறையைச் சொன்னார். இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இங்கே இன்றும் 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான், ரேடியோவைவிட மூத்தது. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவர் சொத்து கோர்ட்டிடமோ ரிசீவரிடமோ போய்விடும். ஆனால் ரிப்பேருக்குக் கொடுத்த பொருள் அவர் சொத்தே இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது வெறும் ஒப்படைப்பு. கூலி பாக்கி இருந்தால் அதைத் தரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "ரிப்பேர் கடையில் கிடப்பது ஊரார் சாமான் என்று யாருக்கும் தெரியும். அதில் எது உங்களுடையது என்று காட்டுங்கள், போதும்" என்றார்.

எதைக் காட்டுவது? போட்டோவில் ரேடியோவுக்கு முன்னால் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். அதற்குள் கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்துவிட்டது.

காப்பாற்றியது தாத்தாவின் டிரங்குப் பெட்டி. கிஸ்தி ரசீது, கூட்டுறவு வங்கிப் புத்தகம், யாருடையதென்று தெரியாத ஒரு ஜாதகம், இவற்றுக்கு அடியில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம். ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டிய காலம்! முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயர், விலாசம், மர்பி, செட் நம்பர், நீல மசியில். சித்தி அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட இரண்டு முறை பார்த்தாராம்.

மனு தட்டச்சு செய்து, வாரிசுச் சான்றிதழ் நகல் வைத்துக் கொடுத்தோம். பிறகு பொங்கல் விடுமுறை. நான் விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது ஷட்டர் திறந்தது. உள்ளே தூசியில் மிக்சிகள், டேபிள் ஃபேன்கள், வயிறு திறந்த ஒரு கிரைண்டர். அலமாரியின் மேல்தட்டில் எங்கள் பெட்டி, பழைய வேட்டித்துணி போர்த்தியபடி. பின்பலகை நம்பரைக் குமாஸ்தா ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, ரிசீவர் லைசென்ஸில் விரலை நகர்த்தினார். சரியாக இருந்தது.

பெட்டியில் ஒரு அட்டை தொங்கியது: 'வேலை முடிந்தது. பாக்கி 850.'

கடை மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் வேலையை முடித்திருக்கிறார். இத்தனை நாளாக அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த 850 கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியது என்று ரிசீவர் வாங்கிக்கொண்டு, அச்சடித்த ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார். இந்த விவகாரத்திலேயே ஒழுங்கான ரசீது அதுதான்.

ஷட்டர் சத்தம் கேட்டு ஒரு அம்மாள் ஓடிவந்து, "என் மிக்சி ஐயா, பச்சை மூடி" என்று கையால் காட்டினார். காகிதம் எதுவும் இல்லை. மனு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மிக்சிக்கு யார் லைசென்ஸ் எடுத்தார்கள்? நான் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டரில் ஏறினேன்.

வீட்டில் திருகினோம். பச்சைக் கண் விழித்தது. பேச்சில்லை, ஒரே இரைச்சல். இதற்குத்தானா என்று சித்தி கேட்கும்போது, சித்தப்பா எழுந்துபோய்க் கூடத்து எல்.இ.டி. விளக்கை அணைத்தார். இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. திண்ணை விளக்கு, சமையலறை விளக்கு, கடைசியில் இன்வெர்ட்டர். இருட்டில் திருச்சி நிலையம் வயல்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.