பிஎச்பியில் எஸ்என்எம்பி செஷன்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கிண்டி அலுவலகத்திலும் அம்பத்தூர் கிடங்கிலும் உள்ள ஸ்விட்ச், ரவுட்டர், யூபிஎஸ் எல்லாவற்றையும் கண்காணிக்கப் பல ஆண்டுகளாக பிஎச்பி நிரல்மொழியின் எஸ்என்எம்பி (வலையமைப்புச் சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) கிளாஸைத்தான் நம்பியிருக்கிறேன். பிஎச்பி 5.4இல் வந்த இது, பழைய தனித்தனி ஃபங்ஷன்களைவிட எவ்வளவோ மேல். எஸ்என்எம்பி பதிப்பு (1, 2சி, 3), சாதனத்தின் முகவரி, கம்யூனிட்டி (கடவுச்சொல் போன்ற சொல்) மூன்றையும் ஒருமுறை கொடுத்து செஷன் திறந்தால் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் திரும்ப எழுத வேண்டாம்.

செஷன் திறந்துவிட்டதாலேயே சாதனம் இயங்குகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஐபி முகவரி கொடுத்துத் திறக்கும்போது சாதனத்துக்கு ஒரு பாக்கெட்கூடப் போவதில்லை. முதல் கேள்வியைக் கேட்கும்போதுதான் யுடிபி 161ஆம் போர்ட்டுக்கு ஏதாவது போகிறது. 2சி பதிப்பில் கம்யூனிட்டி தவறாக இருந்தாலும் மறுப்பு வராது. சாதனம் பேசாமல் இருந்துவிடும். மின்சாரம் போய் அணைந்த ஸ்விட்சும் தவறான கம்யூனிட்டியும் நிரலுக்கு ஒரே டைம்அவுட்தான், அதாவது பதில் வராமல் காத்திருப்பு நேரம் முடிந்துபோவது. சாதனம் வலையமைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பிங் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

டைம்அவுட்டை மைக்ரோ விநாடியில் தர வேண்டும்: அரை விநாடிக்கு 5,00,000. பதில் வராத சாதனங்கள் நான்கைந்து சேர்ந்தால் கண்காணிப்புப் பக்கம் திறக்கவே திணறும். அதனால் கேள்வி கேட்கும் வேலையை, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானிடம் விட்டுவிட்டேன். பக்கம் டேட்டாபேஸை மட்டுமே படிக்கிறது.

விடையை எண்ணாகப் பெற, வேல்யூ ரிட்ரீவலை 'பிளெய்ன்' என்று மாற்றுவது அவசியம். இல்லாவிட்டால், அப்டைமைக் (சாதனம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை) கேட்டால் 'டைம்டிக்ஸ்' என்ற முன்னொட்டுடன் முழு வரியும் வந்து நிற்கும். அந்த அப்டைம் எண் 32 பிட் என்பதால் சுமார் 497 நாள்களில் பூஜ்யத்துக்குத் திரும்பும். உடனே ஸ்விட்ச் ரீபூட் ஆகிவிட்டது என்று அலாரம் அடிக்கக் கூடாது. டிராஃபிக் கணக்கு இன்னும் மோசம்: ஒரு கிகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடினால் 32 பிட் கவுன்ட்டர் சுமார் 34 விநாடியில் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. 64 பிட் கவுன்ட்டரையே கேளுங்கள். முதல் பதிப்பில் அது கிடையாது, 2சி அல்லது 3 வேண்டும்.

2சியில் கம்யூனிட்டி மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகிறது. ஆகவே கிடங்குச் சாதனங்களை மூன்றாம் பதிப்புக்கு, அடையாளச் சோதனையும் குறியாக்கமும் சேர்ந்த நிலைக்கு, மாற்றியிருக்கிறேன். அதை ஏற்காத பழைய யூபிஎஸ் கார்டுகள் தனி விலானில் (பிரித்துவைத்த வலையமைப்பில்), படிக்க மட்டும் அனுமதியோடு இருக்கின்றன.