சாங்கியில் சந்திப்பதா, வீட்டுக்கு அழைத்து வருவதா?

ஊரிலிருந்து ஆஸ்திரேலியா போகிற வழியில் சித்தி, சித்தப்பாவுக்கு இங்கே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நீண்ட இடைவெளி. எங்கே பார்ப்பது? எதுவானாலும் அவர்கள் குடிநுழைவைக் கடந்து வெளியே வந்தாக வேண்டும். ஆகவே இந்தியக் கடப்பிதழ் என்றால் சிங்கப்பூர் விசா விஷயத்தையும் வருகை அட்டையையும் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஜுவல் என்ற கடைத்தொகுதி, விமான நிலையத்தின் முனையம் 1-ஐ ஒட்டியே இருக்கிறது. அதனுள்ளே இருக்கும் 40 மீட்டர் அருவியைப் பிள்ளைகள் ஆசைதீரப் பார்க்கலாம், விமானத்தைத் தவறவிடுவோமோ என்ற பதற்றமும் இல்லை. ஐந்தாறு மணி நேரம்தான் என்றால் இதுவே சரி.

எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் நான் வீட்டுக்குத்தான் அழைத்து வருவேன். அதுவும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தெம்பனிஸ், பிடோக் பக்கம் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த சித்திக்கு வேண்டியது ஒரு குளியல், சுடச்சுட ரசம் சோறு, வீங்கின காலை நீட்டிப் படுக்க ஒரு பாய். ஊர்க்கதையெல்லாம் அப்புறம்தான் வெளியே வரும். கடையில் அந்தப் பேச்சு வராது. வீடு மேற்கே தொலைவில் உள்ள ஜூரோங்கில் என்றால் போக வரவே நேரம் போய்விடும்.

பெட்டி பெரும்பாலும் நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும் என்பதால் மாற்றுத்துணியைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது பாசத்தில் சம்பல் பாட்டிலைத் திணிக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் என்றால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.