காகிகோரியா, யுகிமி தாய்ஃபுகுவா?

ஜப்பானின் குளிர் இனிப்புகளுக்குப் புதியவர் முதலில் சுவைக்கத்தக்கவை இவை இரண்டு. 1981-இல் லோட்டே நிறுவனம் அறிமுகப்படுத்திய யுகிமி தாய்ஃபுகு, வெனிலா ஐஸ்கிரீமை அரிசிமாவுத் தோலால் பொதிந்த உருண்டை. பெட்டிக்கு இரண்டு, குத்தி எடுக்க ஒரு சிறு குச்சி. மாவில் சேரும் சர்க்கரைதான் உறைகுளிரிலும் அத்தோலை இறுகவிடாமல் காக்கிறது.

காகிகோரியோ பனிக்கட்டியைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் இனிப்பு; சீவிய கணமே உண்ண வேண்டியது. ஜப்பானின் மலைநகரான நிக்கோவில் குளிர்காலக் குளங்களில் மெல்ல உறையவிட்டு, அறுத்து, மரத்தூளிட்டுச் சேமித்த பனிக்கட்டியைக் கூரிய கத்தி பொருத்திய இயந்திரம் இழை இழையாகச் சீவ, அது கிண்ணத்தில் பஞ்சுபோல் குவிகிறது. பச்சைத் தேயிலைப் பாகை ஊற்றியதும் ஒரு பக்கம் மெல்லச் சரிகிறது. நாவில் பட்டதும் கரையும் அந்த மென்மைக்காக, வெயிலில் வரிசையில் நிற்க நேர்ந்தாலும் நான் காகிகோரியையே தேர்ந்தெடுப்பேன்.