கேக்டஸ் குவார்ட்ஸா, பச்சை ஃபுளோரைட்டா: முதல் கல்லாக எதை வாங்குவது?

டர்பனில் வீட்டு அலமாரிக்கு முதன்முதலாக ஒரு தென்னாப்பிரிக்கக் கல் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு நல்ல தேர்வுகள் உண்டு. ஒன்று ம்பூமலங்கா மாகாணத்தின் கேக்டஸ் குவார்ட்ஸ். ஒரு பெரிய செவ்வந்திப் (அமெதிஸ்ட் எனப்படும் ஊதா நிறக் குவார்ட்ஸ்) படிகத்தைச் சுற்றிக் குட்டிப் படிகங்கள் மொய்த்திருக்கும். மற்றது வடக்கு கேப்பில் ஆரஞ்சு ஆற்றை ஒட்டிய ரீம்வாஸ்மாக்கின் எட்டு முகப் பச்சை ஃபுளோரைட்.

பார்வைக்கு ஃபுளோரைட்டை அடித்துக்கொள்ள முடியாது. விலை இரண்டிலுமே அளவையும் சேதத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். இருந்தாலும் நான் செவ்வந்திப் பக்கம்தான். காரணம் பராமரிப்பு.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஃபுளோரைட்டின் கடினம் 4. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகள் குவார்ட்ஸ், அதன் கடினம் 7. உலர்ந்த துணியால் துடைத்தால் அந்தத் தூசியே உப்புத்தாளாகிப் பளபளப்பைத் தின்றுவிடும். போதாததற்கு ஃபுளோரைட் நான்கு திசைகளில் பிளக்கக்கூடியது. மேசையில் லேசாக இடித்தாலும் மூலை தெறிக்கும். வெந்நீரில் போட்டாலோ பூஜை விளக்கின் அருகே வைத்தாலோ உள்ளே விரிசல் ஓடும்.

செவ்வந்தியை ஓரிரவு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல் பிரஷ்ஷால் தாராளமாகத் தேய்க்கலாம். முனைகளுக்கு இடையே ஒட்டிய களிமண்ணை விளக்குமாற்று ஈர்க்கால் நோண்டி எடுங்கள். ஊசி வேண்டாம், எஃகு உரசினால் சாம்பல் கோடு விழும்.

துருக்கறை அப்போதும் போகாவிட்டால் ஆக்சாலிக் அமிலம். பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 60 கிராம் கரைத்து, கல்லை முழுக அமிழ்த்தி 3 முதல் 5 நாள் மூடி வையுங்கள். இது நச்சு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், சூடாக்கவே கூடாது, குழந்தைகளுக்கு எட்டவும் கூடாது. பலர் கோட்டைவிடுவது கழுவும்போதுதான். கரைந்த இரும்பு விரிசல்களுக்குள் தங்கினால், கல் காய்ந்ததும் மஞ்சளாக வெளியே வரும். எத்தனை நாள் அமிலத்தில் கிடந்ததோ அத்தனை நாள் நல்ல தண்ணீரிலும் கிடக்கட்டும், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கல்லில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் ஒட்டியிருந்தால் அமிலம் வேண்டாம், அதன் மேல் வெண்படலம் படியும். பொன்னிறக் கேக்டஸ் குவார்ட்ஸையும் போடாதீர்கள். அந்தப் பொன்னிறமே பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான், கறை என்று நினைத்து அழகையே கழுவிவிடுவீர்கள்.

செவ்வந்திக்கு எதிரி வெயில். மாதக்கணக்கில் ஜன்னலோரம் இருந்தால் ஊதா வெளுக்கும். ஃபுளோரைட்டின் நிறம் எவ்வளவு தாங்கும் என்பது கல்லுக்குக் கல் மாறும், அதையும் நிழலில் வைப்பதே நல்லது.

பச்சைதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், கண்ணாடிப் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். வாங்கும்முன் 10 மடங்கு லென்ஸில் ஒவ்வொரு மூலையையும் திருப்பிப் பாருங்கள். மற்ற முகங்கள் சற்று மங்கலாக இருக்க, மூலையில் மட்டும் ஒரு சின்னத் தட்டையான பரப்பு கண்ணாடிபோல் மின்னினால், அது தெறித்த இடம்.