எங்கள் கேம்பருக்கு வாங்கிய உறை: ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு

கனடாவின் ஒன்டாரியோவில் எங்கள் 18 அடி கேம்பர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்குகிற டிரெய்லர், அக்டோபர் கடைசியில் வீட்டோரம் வந்து நின்றால் மே மாதம் வரை அசையாது. முந்தின வருஷம் நீலத் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். காற்றில் அது படபடவென்று அடித்து, கயிறு உரசிய இடமெல்லாம் பெயின்ட் மங்கிவிட்டது. ஈரம் வெளியேற வழியில்லாமல் மெத்தைக்கு அடியில் கறுப்புப் பூஞ்சை. மகள் படுக்கிற மெத்தை அது. அதைத் தூக்கி வெளியே போட்டபோது மனசு ஆறவே இல்லை.

இந்தத் தடவை காற்று போய்வருகிற பாலிப்ரொப்பிலீன் துணி உறை வாங்கினேன். மேலே மூன்று அடுக்கு, பக்கங்களில் ஒன்று. மே மாதம் ஜிப்பைத் திறந்து கதவுக்குள் தலையை நீட்டினேன். அந்தப் புழுக்க நாற்றமே இல்லை! மெத்தையைப் புரட்டித் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. கொடுத்த காசு இதற்கே சரி.

ஒரு குறை உண்டு. கூரையோரத்து மழைநீர்த் தகட்டின் கூர் முனை துணியை விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. போர்த்துவதற்கு முன்பே அந்த முனைகளில் பழைய துண்டைச் சுற்றிவிடுங்கள். போர்த்த இரண்டு பேர் வேண்டும், காற்றில்லாத நாளாகப் பாருங்கள்.

அப்புறம், உறை குளிரைத் தடுக்காது. குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு, கேம்பர்களுக்கென்றே விற்கிற இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (குளிரில் குழாய் வெடிக்காமல் காக்கிற திரவம்) ஊற்றியே ஆக வேண்டும். பேட்டரியையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.