உணவா, நடையா, மாத்திரையா: ப்ரீடயாபடீஸுக்கு எதை முதலில் பிடிப்பது?

ரத்தத்தில் சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் ப்ரீடயாபடீஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று சொல்லிவிடுகிறார்கள். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி./டெ.லி., குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 என்று வந்தாலும் அதே பெயர்தான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சாப்பாட்டைக் குறை, தினமும் நட, எடை தூக்கு, பேசாமல் மாத்திரை போட்டுக்கொள். எல்லாம் நல்லதுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டால், பயந்துபோய் நிற்பவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க யாராலும் முடியாது. எதை முதலில் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

மாத்திரையிலிருந்தே தொடங்குவோம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதை நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தது. 3,234 பேர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சியும். இன்னொரு குழுவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, மூன்றாவது குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரியாக 2.8 ஆண்டுகள் கவனித்ததில், வெற்று மாத்திரைக் குழுவைவிட மெட்ஃபார்மின் குழுவில் சர்க்கரை நோய் வருவது 31 சதவீதம் குறைந்திருந்தது. எடையைக் குறைத்து நடந்த குழுவிலோ 58 சதவீதம்.

ஆனால் இந்தச் சராசரியை மட்டும் வைத்து மாத்திரையை ஒதுக்கிவிட முடியாது. அதே ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வாழ்க்கை முறை மாற்றம் 71 சதவீதம் பலன் தந்தது, மெட்ஃபார்மின் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் அளவு) 35க்கு மேல் இருந்தவர்களுக்கு மாத்திரை வாழ்க்கை முறை மாற்றத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகவே வேலை செய்தது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்த பெண்களுக்கும் அது நன்றாகக் கைகொடுத்தது. 2006இல் இந்தியாவில் நடந்த ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை: சர்க்கரை நோய் வரும் ஆபத்து வாழ்க்கை முறை மாற்றத்தால் 28.5, மெட்ஃபார்மினால் 26.4 சதவீதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆக, இளம் வயது, மிக அதிக எடை, கர்ப்ப காலச் சர்க்கரை இருந்த வரலாறு என்றால் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அது தோல்வி ஒன்றும் இல்லை. நெடுநாள் சாப்பிட்டால் உடலில் வைட்டமின் பி12 குறையக்கூடும், அதை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். வயதானவர்கள் மாத்திரையை நம்பி நடையை விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

சரி, உணவா உடற்பயிற்சியா? 1986இல் சீனாவின் டாச்சிங் நகரில் தொடங்கிய ஆய்வு இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. ஆறு ஆண்டுகளில் உணவு மாற்றம் மட்டும் 31, உடற்பயிற்சி மட்டும் 46, இரண்டும் சேர்ந்து 42 சதவீதம் ஆபத்தைக் குறைத்தன. 577 பேரைக் கொண்ட ஆய்வு என்பதால் இந்த எண்களுக்கு இடையிலான இடைவெளியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் பலன் உண்டு என்று படிப்பதுதான் நியாயம்.

என் தேர்வு உடல்வாகைப் பொறுத்து மாறும். இடுப்பைச் சுற்றிச் சதை போட்டிருந்தால் உணவுதான் முதலில். நடையால் மட்டும் எடை குறைவது மிகவும் கொஞ்சம், ஆனால் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் ஆபத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது என்று அந்த அமெரிக்க ஆய்வின் கணக்கு சொல்கிறது. எந்த டயட் என்ற சண்டையில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். மாவுச்சத்தைக் குறைப்பது, நேரம் பார்த்துச் சாப்பிடுவது, மொத்த அளவைக் குறைப்பது, இதில் எது உங்களுக்குப் பசியில் எரிச்சல் வராமல் ஓடுகிறதோ அதுவே போதும். ஒல்லியாக இருந்தும் சர்க்கரை ஏறியிருந்தால் கதை வேறு. இன்னும் எடையைக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும். அவர்களுக்கு முதலில் தேவை தசைப் பயிற்சி.

இங்கே கொஞ்சம் நின்று தசையைப் பார்க்கலாம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸின் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். இயங்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் சோஃபாவில் சாயாமல் 15 நிமிடம் நடந்தால், சர்க்கரை ஏறுகிற நேரத்திலேயே அதைச் செலவழிக்கிறீர்கள். நடையின் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும், ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. எடைப் பயிற்சி வேறு வகையில் உதவுகிறது. குளுக்கோஸைச் சேமிக்கும் இடத்தையே அது பெரிதாக்குகிறது. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் எடைப் பயிற்சிதான். ஒன்றுதான் முடியும் என்றால் சாப்பாட்டுக்குப் பின் நடை. அது பழகியதும் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாமே குளுக்கோஸ் குடித்த பிறகு அளவு கூடியவர்களைத்தான் சேர்த்தன. அந்த அளவு ஏறுவதில் தசைக்குப் பெரிய பங்கு. வெறும் வயிற்று அளவு மட்டும் கூடுவதில், இரவில் கல்லீரல் விடும் குளுக்கோஸுக்குப் பெரிய பங்கு. எனவே வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்திவிடாமல் இரண்டு மணி நேரச் சோதனையும் தேவையா என்று கேளுங்கள். எதைத் தொடங்கினாலும் மறு சோதனைக்கு மூன்று மாதம் காத்திருங்கள். ஹெச்பிஏ1சி ஏறக்குறைய அத்தனை நாள் சராசரியைக் காட்டுவது, மூன்றே வாரத்தில் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பழைய கணக்குதான் அதில் இருக்கும்.